நாயை ஜெர்மனிக்கு அழைத்துப் போக: முதலில் சிப், அதன்பின் ஊசி

சென்னையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. கணவர் ஜூன் 1 அன்று ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்புகிறார், நீங்களும் மகளும் ஜூலை நடுவில் போகிறீர்கள், நான்கு வயதுக் கலப்பு நாட்டு நாய் மணியை, 18 கிலோ, கணவரோடு அனுப்பிவிடலாமா, எந்த விமானம் நல்லது, என்ன செலவாகும். கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஊசியெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறது, சிப்பைக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார்." விமானத்தைப் பற்றிய கேள்விக்கு முன்னால் இந்த வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பைப் போடாமல் ஒவ்வொரு நாள் கழியும்போதும் மணியின் பயணம் ஒரு நாள் தள்ளிப்போகிறது.

காரணம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில், சிப் இல்லாத நாய்க்குப் போட்ட வெறிநோய் ஊசி போடாத ஊசி. எந்த நாய்க்குப் போட்டார்கள் என்று காட்ட வழியில்லை என்பதால், புத்தகத்தில் நான்கு வருட ஊசி வரிசையாக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் சிப். அதே நாளிலோ அதன் பிறகோ வெறிநோய் ஊசி. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுத்து, வெறிநோய்க்கான எதிர்ப்பாற்றல் அளவைப் பார்க்க வேண்டும். டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் வர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகுதான் நாய் ஐரோப்பிய மண்ணில் இறங்கலாம். கவனியுங்கள், ரத்தம் எடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து இல்லை. வெறிநோய் விஷயத்தில் ஐரோப்பா ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததால் இந்த மூன்று மாதம் நமக்குக் கட்டாயம். பணம் கட்டியோ சிபாரிசு பிடித்தோ இதைக் குறைக்க முடியாது. "ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறோம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் தேதிகளை வைத்துப் பார்ப்போம். மார்ச் 2 அன்று சிப்பும் ஊசியும் ஒரே நாளில் போட்டால், 30 நாள் ஏப்ரல் 1-இல் முடியும். நாள் எண்ணுவதில் தகராறு வராமல் இருக்க ஏப்ரல் 4 அன்று ரத்தம் எடுங்கள். மூன்று மாதம் ஜூலை 4-இல் முடிகிறது. ஜூலை 5 முதல் மணி போகலாம். ஆக, கணவரோடு ஜூன் 1 அன்று அனுப்புவது நடக்காது. உங்களோடு ஜூலை 15 வாக்கில் வருவது நடக்கும், கையில் பத்து நாள் இடைவெளியோடு. இந்தப் பத்து நாள்தான் உங்களிடம் இருக்கும் மொத்தக் கையிருப்பு என்பதால், சிப் போடுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். சொந்த நாயாக, வணிகம் அல்லாத பயணமாகக் கொண்டுபோக வேண்டுமென்றால், நாய் அதன் உரிமையாளரோடு போக வேண்டும். இல்லையென்றால் உரிமையாளர் எழுத்தில் அனுமதித்த ஒருவரோடு, உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்னோ பின்னோ 5 நாளுக்குள் போக வேண்டும். கணவர் பெயரில் எல்லாக் காகிதமும் இருந்து, அவர் ஜூன் 1 போய், நாய் ஜூலை 15 போனால் அந்த 5 நாள் கடந்துவிடுகிறது. அப்போது அது வணிகப் பயணமாகக் கணக்கில் வரும். வேறு சான்றிதழ், வேறு விதிகள், கூடுதல் செலவு. ஆகவே சிப் பதிவு, ஊசிப் புத்தகம், ரத்தப் பரிசோதனைப் படிவம், சான்றிதழ் எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயராக உங்கள் பெயர் இருக்கட்டும், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில். உங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் இரண்டு தேதியில் கிளம்புவது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகம்.

சிப் என்பது அரிசி மணி அளவில் கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் ஒரு சிறு பொருள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில், ஊசி போடுவது போலவே போடுவார்கள், மயக்க மருந்து தேவையில்லை. ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண் கொண்டதாக இருக்க வேண்டும். மாநகராட்சி உரிமத்துக்காக ஏற்கெனவே சிப் போட்டிருந்தால் அதுவே போதுமா என்பதற்கும் இதுதான் அளவுகோல்: ஸ்கேனரில் 15 இலக்கம் வர வேண்டும், போட்ட தேதி எழுத்தில் இருக்க வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட வெறிநோய் ஊசி இருக்க வேண்டும். மூன்றும் இருந்து, அந்த ஊசி இன்னும் காலாவதியாகாமல், போட்டு 30 நாளும் ஆகியிருந்தால், அந்த 30 நாள் காத்திருப்பு உங்களுக்கு மிச்சம். போட்ட சிப் சில நாய்களுக்குத் தோளிலிருந்து நழுவிக் கழுத்தோரமோ முன்னங்காலின் மேல்பக்கமோ போய்விடும். ஸ்கேன் செய்பவர் முதுகில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்றால் அங்கேயும் தேடச் சொல்லுங்கள்.

ஊசி போடும் அன்று மருத்துவர் முதலில் சிப்பை ஸ்கேன் செய்து எண்ணை எழுதட்டும். புத்தகத்தில் வெறிநோய் ஊசியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், போட்ட தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, கையெழுத்து, முத்திரை, பதிவு எண் எல்லாம் வேண்டும். ரேபிசின், நோபிவாக் ரேபிஸ், ரக்ஷாராப் என்று இங்கே புழங்கும் மருந்துகளில் எதைப் போட்டாலும், ஸ்டிக்கர் ஒட்டாமல் பேனாவில் "ஏ.ஆர்.வி. (வெறிநோய் ஊசி) போட்டாயிற்று" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது உதவாது. பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி நாயின் உடம்புக்கு அவசியம்தான், ஆனால் ஜெர்மனி எல்லையில் கேட்கப்படுவது வெறிநோய் ஊசி மட்டுமே. "முந்தைய ஊசி இன்னும் செல்லுமே, மறுபடி எதற்கு" என்று மருத்துவர் கேட்கலாம். உடம்புக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், காகிதத்துக்குத் தேவை என்று சொல்லுங்கள். வளர்ந்த, ஏற்கெனவே ஊசி போட்ட நாய்க்கு இன்னொரு டோஸ் பொதுவாகத் தொந்தரவு தருவதில்லை. ரத்தத்தில் அளவும் நன்றாக ஏறும்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, ஆய்வகம். ஐரோப்பிய ஆணையம் ஏற்றுக்கொண்ட ஆய்வகங்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் ரிப்போர்ட் செல்லாது. ரத்தம் எடுக்கும் முன்பே ஆய்வகத்தைத் தேர்ந்து, அவர்களுடைய படிவத்தைத் தரவிறக்கி, பார்சலை எப்படி அனுப்ப வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மாதிரி. அனுப்ப வேண்டியது ரத்தமில்லை, ரத்தம் உறைந்தபின் பிரித்தெடுத்த சீரம். எவ்வளவு சீரம் வேண்டும் என்று ஆய்வகத்திடம் கேட்டு, அதற்கேற்ப ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோனால் ஆய்வகம் திருப்பிவிடலாம். குழாயின் மேல் சிப் எண் முழுதாக இருக்க வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் அந்த ரிப்போர்ட் வேறு நாயுடையது என்றுதான் பொருள். இந்த ஒரு இலக்கத் தவறே பயணத்தைக் கெடுத்துவிடும். ரிப்போர்ட் கையில் வந்ததும் எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து வாய்விட்டுப் படித்து, ஸ்கேனர் திரையோடு ஒப்பிடுங்கள்.

0.5-க்குக் கீழே வந்தால் என்ன? மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு, மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். பல வருடம் ஊசி போட்ட நாய்க்கு இது அரிதாகவே நடக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு ஊசி போட்ட நாய்க்கும், ஊசி போட்டுப் பல மாதம் கழித்து ரத்தம் கொடுத்த நாய்க்கும்தான் அதிகம் நடக்கிறது. எதிர்ப்பாற்றல் ஊசிக்குப் பின் சில வாரங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்ல இறங்கும் என்பதால், 30 நாள் முடிந்ததும் சில நாளுக்குள் எடுப்பதே நல்லது. ஒரு நல்ல செய்தி: ஒருமுறை தேறிவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு ஊசியையும் முந்தையது காலாவதியாகும் முன் போட்டு வந்தால், அந்த ரிப்போர்ட் ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி சான்றிதழ். இந்தியாவிலிருந்து விலங்கு வெளியேற மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும்; சென்னையில் அதன் மண்டல அலுவலகம் இருக்கிறது. ஊசிப் புத்தகம், டைட்டர் ரிப்போர்ட், உங்கள் மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட், நாயின் படம் ஆகியவற்றோடு விண்ணப்பித்து, நாயை நேரில் காட்டி வாங்குவது. இங்கே ஒரு பள்ளம்: அலுவலகம் தரும் பொதுவான ஏற்றுமதிச் சான்று மட்டும் ஐரோப்பாவுக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தப் படிவம் ஒன்று இருக்கிறது, அதில்தான் அரசு மருத்துவ அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். படிவம் அவ்வப்போது மாறுவதால், நண்பர் போன வருடம் பயன்படுத்தியதை நகலெடுக்காமல் கிளம்பும் மாதத்தில் புதிதாகத் தரவிறக்குங்கள். ஆங்கிலமும், நாய் முதலில் நுழையும் நாட்டின் மொழியும் சேர்ந்த படிவமாக இருக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் ஜெர்மன், பாரிஸில் விமானம் மாறினால் பிரெஞ்சு, ஏனென்றால் சோதனை நடப்பது முதலில் நுழையும் இடத்தில். கையெழுத்தும் முத்திரையும் அச்சு நிறத்திலிருந்து வேறுபட வேண்டும், ஆகவே நீல மை. சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 10 நாள்தான் செல்லும், அதற்குள் எல்லைச் சோதனை முடிந்திருக்க வேண்டும். ஜூலை 15 விமானத்துக்கு ஜூலை 9, 10 வாக்கில் வாங்குவது சரியாக இருக்கும்; நடுவில் சனி, ஞாயிறு வருகிறதா என்று இப்போதே நாள்காட்டியைப் பாருங்கள். விற்பனைக்கோ உரிமை மாற்றத்துக்கோ கொண்டுபோகவில்லை என்று நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியும் அந்தப் படிவத்தோடு சேர்ந்தது, மறந்துவிடாதீர்கள்.

விமானத்துக்கு வருவோம். 18 கிலோ நாய்க்குக் கேபினில் இடமில்லை. லுஃப்தான்சாவில் கேபின் வரம்பு பையோடு சேர்த்து 8 கிலோ. எனவே மணி கீழே, சூடும் காற்றழுத்தமும் சீராக வைக்கப்பட்ட சரக்கறையில்தான் போகும். அதில் இரண்டு வகை. உங்கள் டிக்கெட்டோடு சேர்ந்த கூடுதல் லக்கேஜாகப் போவது ஒன்று, தனியே ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) போட்டு கார்கோவாகப் போவது மற்றொன்று. உங்கள் நிலையில் முதலாவது எளிது: அதே விமானம், செக்-இன் கவுன்டரில் ஒப்படைப்பு, இறங்கியதும் கையில். கார்கோ என்றால் சரக்கு முனையம், சுங்க முகவர், தனிக் கட்டணம் என்று நீளும். எதுவானாலும் ஒரு விமானத்தில் ஏற்றக்கூடிய விலங்குகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. உங்கள் டிக்கெட்டை எடுப்பதற்கு முன் நாய்க்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு, எடுத்த அன்றே உறுதி வாங்குங்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராகப் போகும் விமானம் கிடைத்தால் சில ஆயிரம் கூடினாலும் அதையே எடுங்கள். வளைகுடா வழியாக மாறிப் போவது மலிவாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கூண்டு வெயிலில் ஓடுதளத்தில் நிற்கும் நேரம் ஒன்று இருக்கிறது. ஜூலையில் அது சின்ன விஷயமில்லை. இரவு வெகுநேரம் கழித்துக் கிளம்பும் விமானம் சென்னைக்கு எப்போதுமே நல்லது.

கூண்டின் அளவுக்கு, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதி ஒன்றிருக்கிறது, டேப் வைத்து நீங்களே அளக்கலாம். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை நீளம், தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டுவரை உயரம், தோள்பட்டை அகலம், நின்றால் தரையிலிருந்து தலை அல்லது காது நுனிவரை உயரம். கூண்டின் நீளம் முதல் அளவோடு முழங்கை உயரத்தில் பாதி. அகலம் தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம் நின்ற உயரத்தோடு விரிப்பின் தடிமன். மணிக்கு இவை 72, 34, 20, 62 செ.மீ. என்றும், விரிப்பு 3 செ.மீ. தடிமன் என்றும் இருந்தால், உள்ளளவில் குறைந்தது 89 நீளமும் 40 அகலமும் 65 உயரமும் வேண்டும். கடையில் கிடைக்கும் சுமார் 91, 63, 68 செ.மீ. கூண்டு இதற்கு ஒத்துவரும், உள்ளளவை அளந்து பார்த்து வாங்குங்கள். விரைத்த காதுள்ள நாட்டு நாய்க்கு காது நுனிவரை அளக்க மறந்து, சின்னக் கூண்டோடு வந்து கவுன்டரில் திரும்பியவர்கள் உண்டு. செலவைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். கார்கோவில் கட்டணம் நாயின் எடைக்கில்லை, கூண்டு அடைக்கும் இடத்துக்கு. 91 × 63 × 68 ஐ 6000 ஆல் வகுத்தால் 65 கிலோ. 18 கிலோ மணிக்கு 65 கிலோ கட்டணம். லக்கேஜாகப் போனால் பெரும்பாலும் கூண்டின் அளவுக்கேற்ற நிலையான தொகை. ஏஜென்ட்கள் சொல்லும் தொகை ஆளுக்கு ஆள் இரண்டு மடங்குகூட வேறுபடுவதால், ஒரு எண்ணை இங்கே எழுதி உங்களை நம்பவைக்க விரும்பவில்லை. இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் வாங்கி, கூண்டு, ஆய்வகக் கட்டணம், விமானக் கட்டணம் எல்லாம் அதில் அடங்குமா என்று வரிவரியாகக் கேளுங்கள்.

கூண்டின் இரு பாதிகளையும் பிளாஸ்டிக் கிளிப் இல்லாமல் இரும்பு நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்க வேண்டும். கதவு கம்பிக் கதவு. சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றும்படி கிண்ணம் மாட்டியிருக்க வேண்டும். அதை முந்தின இரவு தண்ணீரோடு உறைய வைத்து மாட்டினால் தூக்கும்போது சிந்தாது, மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும். கீழே ஈரம் உறிஞ்சும் விரிப்பு, அதன் மேல் நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சேலைத் துண்டு ஒன்று. உள்ளே சங்கிலி, வாய்க்கூடு, எலும்பு எதுவும் வேண்டாம். கடைசிச் சாப்பாடு நான்கைந்து மணி நேரம் முன்னால், கொஞ்சமாக. தண்ணீர் கடைசிவரை கொடுக்கலாம்.

தூக்க மருந்து கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும், சில மருத்துவர்கள் சொன்னாலும் வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் நாயின் ரத்த அழுத்தம் இறங்கும், உடம்புச் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறையும், கூண்டு சாயும்போது காலூன்றி நிற்க முடியாது, அதைப் பார்க்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மயங்கியிருப்பது தெரிந்தால் விமான நிறுவனங்களே ஏற்ற மறுக்கின்றன. மருந்துக்குப் பதில் உங்களிடம் இருக்கும் நான்கு மாதம்தான் மருந்து. கூண்டை இந்த மாதமே வாங்கி, கதவைக் கழற்றி வரவேற்பறையில் வையுங்கள். சாப்பாடு அதற்குள்ளேதான். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கியதும் கதவை மாட்டி ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு ஓர் இரவு. காரில் கூண்டோடு இரண்டு மூன்று முறை சுற்றி வாருங்கள். தெருவில் சுதந்திரமாகத் திரிந்து பழகிய நாட்டு நாய்க்கு இது இரண்டு மாதம் எடுக்கலாம், அவசரப்படுத்தினால் கூண்டையே வெறுத்துவிடும். மணி பக் போன்ற சப்பை மூக்கு இனமில்லை என்பது பெரிய நிம்மதி. அந்த இனங்களுக்கு மூச்சுத்திணறல் அபாயம் அதிகம் என்பதால் பல நிறுவனங்கள் கீழ்த்தளத்தில் ஏற்றுவதே இல்லை.

எந்த விதியும் கேட்காத, ஆனால் செய்துவிட்டுப் போக வேண்டிய ஒன்று: உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை. நம் ஊர் நாய்களில் உண்ணி பரப்பும் கிருமிகளான எர்லிக்கியாவும் பபீசியாவும் வெளியே தெரியாமல் உடம்பில் தங்கியிருக்கும், பயணக் களைப்பில் தலைதூக்கும். இங்குள்ள மருத்துவர் ஈறு வெளுத்திருப்பதைப் பார்த்தே சந்தேகிப்பார். வடக்கே ஒரு ஜெர்மன் ஊரில் அந்த நோயை அரிதாகவே பார்த்தவரிடம் போய் நிற்க வேண்டிவரலாம், ஆகவே ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

மணியைக் கலப்பு என்று எழுதியிருந்தீர்கள். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கும், அவற்றின் கலப்பும் ஜெர்மனிக்குள் கொண்டுவரத் தடை. மணியின் தாயோ தந்தையோ இதில் ஒன்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதைத் தொலைவிலிருந்து யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது. படங்களோடு ஜெர்மன் சுங்கத்துறைக்கும், போகும் ஊரின் நகராட்சிக்கும் எழுதிக் கேளுங்கள், பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாட்டு நாய் என்றால் இனத்தின் இடத்தில் கலப்பினம் என்று எழுதினால் போதும், அழகுக்காக வேறு பெயர் எழுத வேண்டாம்.

இறங்கியதும் சுங்கச் சோதனையில், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் போகாதீர்கள். சிவப்பு வழியில் போய் நாய் இருக்கிறது என்று அறிவித்து, காகிதத்தையும் சிப்பையும் காட்ட வேண்டும். குறை இருந்தால் அவர்கள் செய்யக்கூடியது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது: திருப்பி அனுப்புவது, அல்லது விதி நிறைவேறும்வரை உங்கள் செலவில் தனிமைப்படுத்துவது, இரண்டும் முடியாத கடைசி நிலையில் உயிரை முடிப்பது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஜூலை 5-க்கு முன் "எப்படியும் விட்டுவிடுவார்கள்" என்று கிளம்ப யாராவது ஆலோசனை சொன்னால் நினைவில் வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன பிறகு அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். சிப் எண்ணை டாசோ என்ற பதிவேட்டில் இலவசமாகச் சேர்க்கலாம். நகராட்சியில் நாய் வரி கட்ட வேண்டும், பெர்லினில் முதல் நாய்க்கு வருடத்துக்கு 120 யூரோ, மற்ற ஊர்களில் வேறு தொகை. நாய் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு சில மாநிலங்களில் கட்டாயம், மற்ற இடங்களிலும் எடுப்பது நல்லது. இவற்றையெல்லாம்விட முக்கியம் வீடு. நாய்க்கு வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் வேண்டும், அதைத் தேடும் வேலையைக் கணவர் ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்கட்டும். நாயோடு வீடு கிடைக்க நாள் பிடிக்கும்.

மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியது: 15 இலக்க ஐ.எஸ்.ஓ. சிப் கையிருப்பில் இருக்கிறதா, ஸ்கேனர் இருக்கிறதா, சீரம் பிரித்துத் தர முடியுமா. மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றிலோ கேட்டுப் பாருங்கள். சிப் எண்ணும் அதைப் போட்ட தேதியும் புத்தகத்தில் ஏறிய பிறகே ஊசியைப் போடச் சொல்லுங்கள்.